முதல் நாலு எழுத்து

"இது என்ன ஃபைலுன்னே தெரியலங்குதுண்ணே இந்தக் கம்ப்யூட்டரு" என்றாள் அனிதா.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் இருந்தது அறிவழகனின் பிளக்ஸ் கடை. அனிதா அங்கே டிசைன் போடுகிறவள். அவள் செருகியிருந்த பென்டிரைவில் ஒரே ஒரு ஃபைல். பேர் 'காதணி'. பேருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் மூன்றெழுத்து வாலும் இருக்கும் அல்லவா, அது இல்லை.

"வாலு இல்லாட்டி என்ன? மாட்ட வாலப் பாத்தா வாங்குறாங்க? வாயத் தெறந்து பல்லப் பாக்கணும். நவுரு" என்று அறிவழகன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

எதிர் ஸ்டூலில் முத்தமிழ்செல்வன் இருந்தான். ஆண்டிமடம் பக்கம். போர்வெல் வண்டிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன். நாளைக் காலையில் அக்கா மகளுக்குக் காதணி விழா. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும், அந்த மடி இவனுடையது. வாசலில் வைக்கிற பிளக்ஸும் இவன் செலவு. அதில் பெரிய படமும் இவனுடையதுதான்.

"ஜெயசீலண்ணன் போட்ட டிசைனுண்ணே. அரியலூர்ல அவரு கடையக் காலி பண்ணிட்டாரு. மிஷின வித்தாச்சு, கம்ப்யூட்டரயும் மூட்ட கட்டிட்டாரு. சாயங்காலம் திருச்சியில ஏரோப்ளேன் ஏறுறாரு, மஸ்கட்டுக்கு. 'பெரம்பலூரு அறிவழகன் கடையிலதான் அடிக்கணும், வேற எங்கயும் குடுத்துறாதீங்க'ன்னு சொன்னாரு."

"ஏன், அரியலூர்ல வேற கடையே இல்லையாமா?"

"நானும் அதான் கேட்டேன். ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

பக்கத்தில் இருந்த முத்தமிழ்செல்வனின் மனைவி வேணி கைப்பையோடு எழுந்தாள். "இவரு டீ குடிக்கப் போனப்ப என் கையிலதான் பென்டிரைவக் குடுத்தாரு அந்தண்ணன். நீங்க நல்லாப் பேசிக்கிட்டு இருங்கண்ணே. நான் கடவீதிக்குப் போயி சீருக்கு வளையலு வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

யாரோடு பேச என்று அறிவழகன் கேட்கவில்லை. அவனுக்கு 'மஸ்கட்' என்ற இடத்திலேயே காது நின்றுவிட்டது.

அவனும் ஜெயசீலனும் ஒரே கல்குவாரிப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் லீவு விட்டால் மற்ற பையன்கள் மட்டையைத் தூக்குவார்கள், இவர்கள் சுத்தியலைத் தூக்குவார்கள். பிறகு திருச்சியில் ஒரே அச்சகத்தில் வேலை. முதலாளி முதல் நாளே எந்த ஊர் என்று கேட்டார். சொன்னார்கள். எந்தத் தெரு என்று கேட்டார். அதையும் சொன்னார்கள். அதற்கு மேல் அவர் எதையும் கேட்கவில்லை, தண்ணிக்குத் தனி டம்ளர் வந்தது.

ஃபைலுக்கும் தெரு உண்டு என்று அங்கேதான் கற்றார்கள். பேரை எவனும் எப்படியும் வைத்துக்கொள்வான், நம்பக் கூடாது. நோட்பேடில் திறந்து முதல் நாலு எழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். %PDF என்றால் பிடிஎஃப். PK என்று ஆரம்பித்து அடுத்த ரெண்டும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தாக இருந்தால் ஜிப், அதாவது சாமான்களைக் கட்டி வைத்த மூட்டை. %!PS என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட், பிரின்டரோடு நேராகப் பேசுகிற பாஷை.

"நம்ம மொத நாலு எழுத்து என்னடா மாப்ளே?" என்று ஜெயசீலன் கேட்பான்.

"ஜல்லி" என்பான் அறிவழகன். எண்ணினால் மூணு எழுத்துதான் என்று தெரிந்தும் ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ரெண்டு பேரும் சேர்ந்துதான் பெரம்பலூரில் இந்தக் கடையைப் போட்டார்கள். ஒரு நாள் ஜெயசீலன் ஒரு ஃபைலின் தலையைப் பார்க்காமல் நேராகப் பிரின்டருக்கு அனுப்பிவிட்டான். தாள் தாளாகக் குப்பை எழுத்து வந்து கொட்டியது. கடை நிறைய ஆள். அத்தனை பேர் முன்னாலும் அறிவழகன் சொன்னான்: "ஒன் மொத நாலு எழுத்து ஜல்லிதான்டா. எங்க போனாலும் அது மாறாது."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஜெயசீலன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு அரியலூர் பஸ் ஏறினான். வருஷங்கள் ஓடிவிட்டன. அவனே கூப்பிடட்டும் என்று இவன் இருந்தான். அவன் கூப்பிடவில்லை.

இன்றைக்கு விட்டால் இனி எப்போதோ. அறிவழகன் போனை எடுத்தான். நம்பர் விரல் நுனியில் இருந்தது. எடுத்ததும் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்பதுதான் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஃபைலை நோட்பேடில் திறந்தான்.

"PK. ஜிப்புதான். பெரிய கம்ப சூத்திரம்!" என்றான். அடுத்த வரியை அவன் பார்க்கவில்லை. தெரு தெரிந்துவிட்டால் அப்புறம் ஆளோடு யார் பேசுகிறார்கள்?

ஜிப் என்று வால் ஒட்டித் திறந்தான். மூட்டை பழுது என்று பதில் வந்தது.

"அந்தண்ணனுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றான் முத்தமிழ்செல்வன்.

"பழுதுன்னா ரிப்பேர் பண்ணணும். போன் பண்ணி என்ன ஆவப்போவுது?"

ரிப்பேர் செய்கிற சாப்ட்வேர் ஒன்று இருந்தது. பென்டிரைவில் இருந்த ஃபைல்மேலேயே அதை ஓட்டினான். பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து முடிந்தது. 'வெற்றி' என்று வந்தது. திறந்தான். உள்ளே வெறும் காலி.

"என்னாண்ணே இது? வெற்றிங்குது, உள்ள ஒண்ணும் இல்லியே" என்றான் முத்தமிழ்செல்வன். அவன் குரல் ஒரு படி இறங்கியிருந்தது.

"காலியா இருந்தா பழுது இல்லைதானே. அது சொன்னது கரெக்ட்டு" என்றாள் அனிதா.

"வாய மூடு."

"மூடிக்கிறேன். ஆனா நான் முன்னாடியே ஒரு காப்பி எடுத்து வச்சேன். அதச் சொல்லாம மூடுறதா, சொல்லிட்டு மூடுறதா?"

அறிவழகனுக்கு மூச்சு வந்தது. இனி இந்த ஒரு காப்பிதான். முத்தமிழ்செல்வன் இன்னொரு தடவை போன் என்றான். தன் போனையே எடுத்து நீட்டினான். அறிவழகன் அதை வாங்கி மேசை டிராயருக்குள் வைத்து மூடினான்.

"தொழில் தெரிஞ்சவன் எதுக்குய்யா அடுத்தவனக் கேக்கணும்? இந்தப் பிரின்டருக்கு நேரா அனுப்புறேன் பாரு. புது மிஷினு. மோந்து பாத்தே கண்டுபுடிச்சிரும்."

பிரின்டர் மோந்து பார்த்தது. கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு தாளைத் துப்ப ஆரம்பித்தது. படம் இல்லை, பூ இல்லை, காது இல்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை எண்ணும் குறியும் அடைப்புமாக எழுத்து. நிறுத்து பட்டனை அமுக்கினான், நிற்கவில்லை. கரண்டைப் பிடுங்கினான், நின்றது. திரும்பச் செருகினான், விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. ஃபேன் காற்றில் தாள்கள் கடை முழுக்கப் பறந்தன. ஜெராக்ஸ் எடுக்க வந்த ரெண்டு பேர் வாசலில் நின்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு எங்கேயோ கேட்ட சிரிப்பாக இருந்தது. அறிவழகன் குனிந்து தாள் பொறுக்கினான். அன்றைக்கு ஜெயசீலனும் இப்படித்தான் பொறுக்கினான். பொறுக்கிக்கொண்டிருந்தவன் தலைக்கு மேலேதான் அந்த வார்த்தையைச் சொன்னது.

கையில் இருந்த தாளில் கண் நின்றது. முதல் வரியில் PK. அதை ஒட்டியே '-Adobe'. அடுத்த வரியில் '%%BoundingBox'.

"அட! இது போஸ்ட்ஸ்கிரிப்ட்டுல்ல? உள்ள பூராவும் அதான். தல மட்டும் PK-ன்னு இருக்கு. அதான் மிஷினு ஆள் தெரியாம வெறும் எழுத்தா நெனச்சி அடிச்சிருக்கு. எவன் தலைய எவன் ஒடம்புல வச்சான்?"

"வைரஸா இருக்கும்ணே" என்றாள் அனிதா.

"வைரஸ் இல்ல. அவனுக்கு ஃபைலு பாக்கத் தெரியாதுன்னு..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. கையில் குப்பைத் தாளை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தலைய மாத்திட்டாப் போச்சு" என்று நோட்பேடில் PK-யை அழித்து %!PS என்று அடித்தான். சேவ் பண்ணினான்.

நோட்பேடில் படிக்கலாம், சேவ் பண்ணக் கூடாது. எழுத்தாக மாற்றிச் சேர்த்த சின்னப் படம் பிழைக்கும், மாற்றாமல் அப்படியே சேர்த்த பெரிய படம் சிதைந்துவிடும். இது அறிவழகனுக்குத் தெரியும், அனிதாவுக்குப் பாடமே எடுத்திருக்கிறான். கை முந்திக்கொண்டது.

ஃபைல் திறந்தது. ரோஜாப்பூ வந்தது. காது குத்தப்போகிற குழந்தை வந்தாள். சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, பங்காளி, ஊர் வார்டு மெம்பர் என்று சின்னச் சின்ன வட்டத்துக்குள் அத்தனை பேரும் பத்திரமாக வந்தார்கள். நடுவில், தங்கச் சட்டத்துக்குள், பெரிய படம் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கட்டிலுக்குப் பின்னின நாடா மாதிரி கறுப்பும் பச்சையுமாகப் பட்டை ஓடியது. அதன் கீழே, 'இவண்: தாய்மாமன்'.

முத்தமிழ்செல்வன் எழுந்து கிட்டே வந்தான்.

"எல்லாரும் இருக்காங்க. நான் எங்கண்ணே?"

"அதுக்குள்ளதான் இருக்கீங்க."

"பங்காளி மூஞ்சில்லாம் பளபளன்னு இருக்கு. சீரு செய்யுறவன் மூஞ்சி ஜமுக்காளமா இருக்கு. நாளைக்கு எங்க அக்கா வூட்டு வாசல்ல நான் எப்படி நிக்கிறது?"

"வேற போட்டோ வச்சிருக்கீங்களா?"

"பழைய போனுல இருந்துச்சு. அது கெணத்துல உழுந்துருச்சு. காருமேல சாஞ்சிக்கிட்டு, கூலிங்கிளாஸ் போட்டு, எவ்வளவு அருமையா இருக்கும் தெரியுமா? காரு என்னுது இல்ல, மூஞ்சி என்னுது."

"இப்பயே எடுத்துருவோம். சொவத்துல சாஞ்சி நில்லுங்க."

அவன் நாளைக்குக் கோயிலில் மொட்டை போட இருந்தவன். அதனால் தாடியும் மீசையும் காடாகக் கிடந்தன. ரெண்டு பஸ் மாறி வந்த அலுப்பு, காலையிலிருந்து சாப்பிடாத பசி, வேர்வை. அனிதா போனை நீட்டிக்கொண்டு, "சிரிங்கண்ணே" என்றாள்.

"எதப் பாத்து?"

"எங்க ஓனரப் பாத்து."

அவன் ஓனரைப் பார்த்தான். அதனால்தான் படம் அப்படி வந்தது.

கூலிங்கிளாஸ் ஒன்றைக் கணினியில் ஒட்டிப் பார்த்தாள். தேடப்படும் ஆள் மாதிரி ஆயிற்று, எடுத்துவிட்டாள். முகத்தை வெளுத்துப் பார்த்தாள். இறந்தவர் மாதிரி ஆயிற்று, பழையபடி விட்டுவிட்டாள். கடைசியில் பிளக்ஸ் மெஷின் இரைந்து, காதணி விழா மெல்ல மெல்ல வெளியே வந்தது. அத்தனை உறவுக்கு நடுவில், தங்கச் சட்டத்துக்குள், யாரோ தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்ற முகத்தோடு தாய்மாமன் வந்தான்.

முத்தமிழ்செல்வன் ரொம்ப நேரம் அதைப் பார்த்தான். "பரவால்லண்ணே. நான்னு அடையாளம் தெரியுது. அது போதும்" என்றான்.

திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். குவாரி முதலாளி கூலியைக் குறைக்கும்போது அறிவழகனின் அப்பாவும் இதே குரலில்தான் பரவாயில்லை என்பார்.

டிராயரைத் திறந்து முத்தமிழ்செல்வனின் போனைக் கொடுத்தான். வெளியே வெயில் தணிந்திருந்தது. பஸ்ஸெல்லாம் விளக்குப் போட ஆரம்பித்துவிட்டன. அனிதா பிளக்ஸைச் சுருட்டிக் கயிறு கட்டினாள்.

இப்போது அறிவழகனுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. 'டேய், நீ அனுப்புன ஃபைலுக்குத் தலையே இல்லடா, நான்தான் கண்டுபுடிச்சித் தெறந்தேன்' என்று ஆரம்பிக்கலாம். திட்டுகிற மாதிரி ஆரம்பித்தால் மற்றது தானாக வரும். 'நானும் இன்னைக்குப் பிரின்டர்ல குப்பை அடிச்சேன்டா மாப்ளே' என்பதையும் சொல்லிவிடலாம். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு அது போதுமா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லலாம்.

நம்பரை அமுக்கிக் காதில் வைத்தான்.

ஸ்விட்ச் ஆஃப் என்றது ஒரு பெண்குரல். திரும்ப அமுக்கினான். அதே குரல்.

"ஏறியிருப்பாருண்ணே. உள்ள உக்காந்ததும் ஆஃப் பண்ணச் சொல்லிருவாங்களாம். சாமான் கட்டிக்கிட்டே போனப் போனப் பாத்துக்கிட்டு இருந்தாரு காலையிலயே" என்றான் முத்தமிழ்செல்வன்.

அறிவழகன் போனை மேசைமேல் வைத்தான். காலடியில் ஒரு தாள் கிடந்தது, குனிந்து எடுத்தான்.

வேணி ரெண்டு கை நிறையப் பையோடு படியேறி வந்தாள். சுருட்டிக் கட்டியிருந்த பிளக்ஸைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"முடிஞ்சிருச்சா? அப்ப ரெண்டு பேரும் பேசிட்டீங்க! 'மொத நாலு எழுத்த மாத்தி வச்சிருக்கேன், அவன் எனக்குப் போன் போட்டே ஆவணும், நீ மட்டும் சொல்லிறாத தாயி'ன்னு சின்னப் புள்ளயாட்டம் சிரிச்சிக்கிட்டே குடுத்தாருண்ணே அந்தண்ணன்!"