மெல்லத் தள்ளுகிறவர்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாஷிங் மெஷினின் காலுக்கு அட்டை வைத்தது. துணி பிழியும்போது அது குலுங்கிக் குலுங்கிக் குளியலறையை விட்டு வெளியே நடந்து வர ஆரம்பித்திருந்தது. மகள் தரையில் மண்டியிட்டு, ஒரு பழைய அட்டையை இரண்டாக மடித்துச் செருகினாள். அப்பா கதவுநிலையில் சாய்ந்து நின்றார்.

"போதுமாப்பா?"

"போதும்மா. நல்லாத்தான் நிக்குது. நான் ஒண்ணும் சொல்லல."

அவள் அட்டையை உருவி மூன்றாக மடித்தாள்.

"ரெண்டா இருந்தாலும் தப்பில்ல. உன் இஷ்டம்."

நான்காக மடித்தாள். மெஷின் அசையாமல் நின்றது.

"பாத்தியா, எவ்வளவு சரியா செஞ்சிட்டே" என்று அவளையே பாராட்டிவிட்டு அப்பா உள்ளே போனார். அவர் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். மெல்லத் தள்ளுகிறவர் என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். இடித்துத் தள்ளுகிறவரைப் பற்றிக் கவலையில்லை. எதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்வீர்கள். இவர் எதிரே வரவே மாட்டார். பக்கத்தில் நிற்பார். ஏதோ யோசனையில் இருப்பதுபோலத் தெரியும். காலையில் நீங்கள் இருந்த இடம் ஒன்று, மாலையில் இருக்கிற இடம் ஒன்று. யார் தள்ளினார்கள்? யாருமில்லை. நீங்களாகத்தான் நகர்ந்தீர்கள். எந்தக் கோர்ட்டிலும் அப்படித்தான் சாட்சி சொல்வீர்கள்.

பொதுவாக இந்த இனத்தார் தங்கள் திறமையை வீட்டிலேயே செலவழித்துத் தீர்த்துவிடுவார்கள். நம் அப்பாவுக்கு அதுவே உத்தியோகமாகவும் வாய்த்தது. செயற்கைக்கோள் செய்கிற கூடம் ஒன்றில் அவருடைய வேலை, செயற்கைக்கோளை மெல்லத் தள்ளுவது. அதற்கென்று எலுமிச்சம்பழ அளவில் ஓர் இயந்திரம் செய்தார். உள்ளே, ஒட்டாத வாணலிக்குப் பூசுகிற பொருளில் வெள்ளையாக ஒரு கட்டி. அதன் முகத்துக்கு நேரே ஒரு மின்பொறி. பொறி தெறிக்கும்போதெல்லாம் கட்டியின் மேல்தோல் துளியினும் துளியாக ஆவியாகி, பிளாஸ்மாவாகி, நீலமாக ஒருமுறை கண்சிமிட்டிவிட்டுப் பின்பக்கம் பாயும். செயற்கைக்கோள் முன்பக்கம் நகரும். எவ்வளவு தள்ளு? உங்கள் புறங்கையில் ஒரு கொசு உட்கார்ந்தால் என்ன பாரமோ அவ்வளவு. மேசை விளக்குக்கு ஆகிற மின்சாரம்கூட வேண்டாம். கீழே இதை வைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நகர்த்த முடியாது. மேலே போய்விட்டால் உராய்வும் கிடையாது, குறுக்கே நிற்க ஆளும் கிடையாது. கொசு சலிக்காமல் உட்கார்ந்துகொண்டே இருந்தால் யானை திரும்பித்தான் ஆகவேண்டும். ஒரே நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் பார்க்க வேண்டிய கேமராவுக்கு இதைவிட நல்ல துணை இல்லை. தலை மயிரிழை விலகினால் மெதுவாகத் திருப்பி வைக்கும். கேமராவுக்குத் தான் திருப்பப்பட்டதே தெரியாது.

அந்த இயந்திரம் ஒரு செயற்கைக்கோளில் ஏற வேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

மகளுக்கும் அதே கூடத்தில்தான் வேலை. காற்றை உறிஞ்சி எடுத்த பெரிய இரும்புத் தொட்டிக்குள் இயந்திரத்தை ஓர் ஊசல் தராசில் கட்டித் தொங்கவிட்டு, அந்தக் கொசுப் பாரத்தை அளப்பவள் அவள். நடைவழியில் யாராவது செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனால் அளவு கெட்டுவிடும். மற்ற கூடங்களில் 'சத்தம் போடாதே' என்று பலகை மாட்டுவார்கள். அப்பா பலகை மாட்டவில்லை. நுனிக்காலில் நடந்தார். அவ்வளவுதான். எதிரே வந்தவர்கள் கூச்சப்பட்டு நுனிக்காலில் நடந்தார்கள். ஒரு வருடத்தில் மாடி முழுக்க நுனிக்காலில் நடந்தது. வாசல் காவலாளி, தண்ணீர் கொண்டுவருகிறவர், சுவருக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள், எல்லோரும். புதிதாகச் சேர்ந்த கணக்காளர், இங்கே எல்லோருக்கும் குதிகாலில் வலி என்று நினைத்துக்கொண்டு ஒரு களிம்பு வாங்கி வந்து கொடுத்தார்.

வீட்டில்? கேட்க வேண்டுமா. எதிர்வீட்டுக்காரர் தம்முடைய செருப்பு அலமாரியைப் படிக்கட்டின் குறுக்கே வைத்திருந்தார். "வாயத் தொறந்து சொன்னா என்னங்க?" என்றாள் அம்மா. "எதுக்கு ஒருத்தர் மனசு நோகணும்" என்றார் அப்பா. தினமும் வேலைக்குப் போகும்போது முழங்காலால் அதை ஒரு நூலளவு தள்ளிவிட்டுப் போனார். அலமாரி மெல்லப் படிக்கட்டைத் தாண்டியது, சுவரோரம் ஊர்ந்தது, சொந்தக்காரரின் வாசலை அடைந்தது. ஒருநாள் வீட்டுக்குள்ளும் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் அம்மாவிடம் வந்து, "என்னன்னு தெரியலங்க, எங்க வீடு வரவரச் சின்னதாயிட்டே போகுது" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

மாப்பிள்ளையின் மீசை இன்னொரு கதை. மகளின் கணவர் அடர்த்தியான மீசையோடுதான் அந்தக் குடும்பத்துக்குள் வந்தார்.

"மாப்பிள்ளைக்கு மீசை நல்லாத்தான் இருக்கு" என்றார் அப்பா, முதல் மாதம். "நான் ஒண்ணும் சொல்லல."

மீசை கொஞ்சம் குறைந்தது.

"முன்ன இருந்ததும் நல்லாத்தான் இருந்துச்சு. இதுவும் நல்லாத்தான் இருக்கு."

இன்னும் குறைந்தது. பிறகு ஒரு கோடானது. பிறகு, சவரம் செய்யும்போது கை தவறிவிட்டது என்று மாப்பிள்ளையே சொன்னார். கை எப்படித் தவறும்? அத்தனை வருடம் தவறாத கை.

மகள் மட்டும் தப்பினாளா? பள்ளி முடிக்கும்போது அவள் கால்நடை மருத்துவராகப் போவதாக இருந்தாள். "மாட்டு டாக்டர் நல்ல வேலைதான்" என்றார் அப்பா. அந்த வாரம் ரேடியோ பாடவில்லை. மேசைமேல் அது திறந்து கிடந்தது, பக்கத்தில் ஒரு திருப்புளி. அவள் சரிசெய்தாள். அடுத்து கடிகாரம். அடுத்து மின்விசிறி. அந்த வருடம் அந்த வீட்டில் பழுதாகாதது அம்மா மட்டும்தான். கடைசியில் மகள், பொறியியல்தான் படிப்பேன் என்று காலை உதைத்து அழுதாள். அப்பா பெருமூச்சு விட்டு, "உன் இஷ்டம்" என்றார். அப்பாவை எதிர்த்துப் போராடி வென்றதாக அவள் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படிப்பட்டவர் ஒரு செயற்கைக்கோளை விடுவாரா? தம் இயந்திரத்துக்கு அதில் ஓர் இடம் வேண்டும். இடமோ இல்லை, பெட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பேட்டரிக்காரரின் மேசைப் பக்கம் போய், "இந்த ஓரத்துல சூடு கொஞ்சம் ஏறுமோ என்னவோ, சும்மா கேட்டேன்" என்றார். அடுத்த வரைபடத்தில் பேட்டரி ஒரு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. கேமராக்காரம்மாவிடம் வயர் நீளத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். கேமரா திரும்பி உட்கார்ந்தது. ரேடியோக்காரரிடம் ஒன்றுமே சொல்லவில்லை, வரைபடத்தைப் பார்த்துத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். ரேடியோ பெட்டி மேல்தட்டுக்கு மாறியது. சில வருடங்களில் செயற்கைக்கோளின் ஒரு மூலையில், எலுமிச்சம்பழ அளவில், சுத்தமாக ஓர் இடம் காலியாகிவிட்டது. ஒவ்வொருவரும் தம் பெட்டியைத் தம் புத்தியால் நகர்த்தியதாகவே நம்பினார்கள்.

பிறகு அவர் செத்துப்போனார்.

காலை நேரம். அம்மாதான் பக்கத்தில் இருந்தாள். வந்தவர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள், மகளிடம் பலமுறை சொன்னாள்.

"நெஞ்சு லேசா இறுக்கமா இருக்கு, நான் ஒண்ணும் சொல்லலன்னாருடி. வாயுவா இருக்கும், சுடுதண்ணி வைக்கட்டான்னேன். வையேன், உன் இஷ்டம்னாரு." கொஞ்சம் நிறுத்துவாள். "அதுல என் இஷ்டம் என்னடி இருக்கு?"

தண்ணீர் கொதிப்பதற்குள் முடிந்துவிட்டது. உரக்கச் சொல்லியிருந்தால்? மகள் அளக்கிறவள். அதை அளக்க வழியில்லை.

துக்கம் கேட்க இயக்குநர் வந்தார். கூடத்தில் அவருக்கு இடி என்று பெயர். கதவைத் தோளால் திறக்கிறவர், கைகுலுக்கினால் மணிக்கட்டு சுளுக்கும். எல்லோரும் நுனிக்காலில் நடக்கிற மாடியில் அவர் மட்டும் நாளது வரை மாறவில்லை. நாற்காலி முனக உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன்மா. வாரா வாரம் என் ரூமுக்கு வந்து உக்காருவாரு. எதுக்கு வந்தாருன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"என்ன பேசுவார் சார்?"

"ஃபேனைப் பத்திப் பேசுவாரு. ஆடாம இருந்தா எதுவுமே நல்லாத்தான் இருக்கும்பாரு. சரி, ஏதோ மனசுல வச்சுக்கிட்டுச் சொல்றாருன்னு புரிஞ்சுது. ஃபேனை மாத்திட்டேன்."

மகள் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"மறுவாரமும் வந்தாரு. ஃபேனைப் பாத்தாரு. மூஞ்சி தொங்கிப்போச்சு. அப்புறம் ஒருநாள் பழம் மாதிரி உருண்டையா ஒண்ணு கொண்டுவந்து மேசையில வச்சிட்டுப் போனாரு. பேப்பர் வெயிட். நல்ல கனம். நான் அதத்தான் வச்சுக்கிட்டிருக்கேன்."

அது இயந்திரத்தின் மாதிரி. எடைகூட மாறாமல் செய்தது.

"அவரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரும்மா" என்று இடி தொடர்ந்தார். "சாட்டிலைட்ல ஒரு மூலை காலியாக் கெடக்கு. எப்படிக் காலியாச்சுன்னு ஒருத்தனுக்கும் தெரியல. ஒரு பக்கம் எடை கம்மியா இருந்தா தள்ளாடும்ல? திங்கக்கிழமை அங்க ஒரு ஈயக்கட்டி வச்சு முடுக்கச் சொல்லிட்டேன். ஆடாம நிக்கும்."

எவ்வளவு எடையில் ஈயம் என்று மகள் கேட்டாள். அவர் சொன்னார். அவளுக்குத் தெரிந்த எடைதான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது என்ன தெரியுமா?

"ஈயமும் நல்லாத்தான் இருக்கும் சார்."

இடி தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளறையிலிருந்து அம்மா வந்து மகளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படியே அவரு" என்றாள். அது பாராட்டு இல்லை.

திங்கட்கிழமை மகள் இயக்குநர் அறைக்குப் போனாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். மேலே பார்த்தாள்.

"ஃபேன் புதுசும்மா" என்றார் இடி.

"தெரியும் சார்."

"சத்தமே இல்ல பாரு."

"ஆமா சார். சும்மாதான் வந்தேன்."

"வாம்மா, உக்காரு. உங்கப்பாவும் இப்படித்தான்."

கீழே பட்டறையில் ஈயம் வந்திறங்கிவிட்டது என்று தொலைபேசியில் யாரோ சொன்னார்கள். முடுக்கு, முடுக்கு என்றார் இடி. மகள் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"முடுக்க வேணாம் சார்."

அந்த மாடியில் இடியைத் தவிர வேறொருவர் குரலை உயர்த்தி வருடக்கணக்காகிவிட்டது. நடைவழியில் நுனிக்காலில் போய்க்கொண்டிருந்த காவலாளியின் முழுப்பாதமும் தரையில் பதிந்தது. கதவுகள் திறந்தன. பேட்டரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அந்த எடம் எங்கப்பாவோட இயந்திரத்துக்கு. அவர்தான் எல்லாரையும் நகத்தி அதக் காலி பண்ணினாரு. சாட்டிலைட் தலையத் திருப்பாம பாத்துக்கும். உங்க பேப்பர் வெயிட் இருக்கே, அது அதோட மாதிரி. நிஜமானது தொட்டியில தொங்குது. அளந்தாச்சு. வேலை செய்யுது. எடையும் அதே எடைதான். எங்களுக்கு அந்த எடம் வேணும் சார்."

இடி பேப்பர் வெயிட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அதன் வாயில் ஒரு துளை இருப்பதை அன்றுதான் கவனித்தார். அதுவரை அதில் பென்சிலைச் செருகி வைத்திருந்தார். பென்சிலை உருவினார்.

"ஏம்மா, அவரு நகத்தினாருன்னா, என்னையும்..." என்று ஆரம்பித்து, புது மின்விசிறியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். தொலைபேசியை எடுத்தார். "ஈயத்தைத் திருப்பி அனுப்பு" என்றார். அவருடைய குரலுக்கு அது தாழ்ந்த குரல்.

பிறகு அவளிடம் கேட்டார்: "ஒரே ஒரு தடவை கேட்டிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேனே. வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருக்கலாம் சார்" என்றாள் மகள். அவள் கண்ணுக்குள் வேறு ஒரு காலை நேரம் ஓடியது. இடிக்கு அது தெரிய நியாயமில்லை.

நீங்கள் இந்த இனம் இல்லை. ரொம்ப நல்லது. வேண்டியதை வேண்டுமென்று கேட்கிற ஆள். ஆனாலும் ஒரு சின்னச் சந்தேகம்: இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, இந்தப் பக்கத்தை மடித்து எங்கே வைத்தால் வீட்டில் அந்த ஒருவருடைய கண்ணில் படும் என்று ஓர் இடம் பார்த்துவிட்டீர்கள் அல்லவா? மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்திலா, சாவி மாட்டுகிற ஆணிக்குக் கீழா? சரியாக மடியுங்கள், 'மெல்ல' என்கிற சொல் மேலே தெரியும்படி. அவர் பார்ப்பார், படிப்பார், நல்லா இருக்கு என்பார், ஃபேனை மாற்றிவிடுவார்.

அந்த அப்பா வாரம் தவறாமல் நுனிக்காலில் நடந்து இயக்குநர் அறைக்குப் போனார். கதவைத் தட்டினார், உட்கார்ந்தார், மற்றதையெல்லாம் பேசினார், வணக்கம் சொல்லிவிட்டு எழுந்து வந்தார். போன வேலையை மட்டும் முடிக்கவில்லை.