பால் வடிந்த தரைக்கீரை

அன்பும், அதைவிட முக்கியமாகப் பொறுமையும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்கள் நலமா என்று கேட்பதை, இந்தக் கடிதத்தை நீங்கள் படித்து முடிக்கும் வரை ஒத்திவைக்கிறேன்.

முயல் உயிரோடு இருக்கிறது. இன்று காலை நேரில் உறுதிசெய்துகொண்ட செய்தி இது. ஆதாரம், கால்நடை மருத்துவர். வேறு எந்த வதந்தி வந்தாலும் நம்ப வேண்டாம். உங்கள் அக்கா போனில் அழுதாலும் அது முயலுக்காக அல்ல, என்னோடு குடும்பம் நடத்துவதற்காக. இதை அவளே சொன்னாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். அங்கே உங்கள் போனை முதலில் எடுப்பது உங்கள் மகள். நீங்கள் எல்லோரும் வெளியூர் கிளம்பிய அன்று கூண்டை என் மடியில் வைத்து, "பஞ்சுவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மாமா?" என்று கேட்டவள். "மாமா இருக்கேன்ல, என்ன ஆயிடப் போகுது?" என்று சொன்னவன் நான். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூண்டுக்குத்தான் ஓடுவாள். எனவேதான் நீங்கள் அங்கே வேலையாகப் போயிருக்கும் அலுவலக முகவரிக்கு எழுதுகிறேன். படித்ததும் மேசை டிராயரில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். "தினமும் ஒரு பிடி தரைக்கீரை குடுங்க மாமா. கேரட் குடுத்தா குண்டாயிடுவான்" என்பது உங்கள் மகளின் உத்தரவு. நகராட்சிக் கூட்டம், நீதிமன்றம், தீ விபத்து என்று ஒரு ஆயுள் முழுக்க எழுதித் தள்ளியவனுக்கு ஒரு கீரை என்ன பெரிய விஷயம்? எங்கள் தெருவில் நடைபாதைக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் நடுவே, சின்ன இலையும் சிவந்த தண்டுமாக ஒரு செடி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. இதுதான் என்று மனசு சொன்னது. உங்கள் அக்காவிடமும் சொன்னேன். ஆனால் மனசு சொன்னதை அச்சில் ஏற்றுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு பேர் உறுதி சொல்லாமல் நான் எதையும் எழுதியதில்லை. மறுநாள் ஒரு கொத்தைப் பறித்துக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் காட்டினேன். "தரைக்கீரையேதான் சார், சந்தேகமே வேணாம்" என்றார். பக்கத்து அலுவலகக் காவலாளியிடம் காட்டினேன். "தரைக்கீரை. இதுகூடத் தெரியாமயா சார் இத்தனை வருஷம் பேப்பர்ல எழுதினீங்க?" என்றார். இரண்டு ஆதாரம் ஆயிற்று. அவமானத்தையும் வாங்கிக்கொண்டு, கீரையைக் கூண்டுக்குள் வைத்தேன்.

பஞ்சு மோந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். முதுகைக் காட்டி உட்கார்ந்து, பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். அது மறுப்பறிக்கை என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

அன்று மதியம் கூண்டு காலியாக இருந்தது. கொக்கி கழன்றிருந்தது, அதைக் கழற்றியது யார் என்பதில் இந்த வீட்டில் இரு வேறு கருத்துகள் நிலவுகின்றன. உங்கள் அக்கா போட்ட சத்தம் அடங்குவதற்குள் நான் தெருவுக்கு ஓடிவிட்டேன். பார்த்தால், தையல்காரம்மா வீட்டுப் படிக்கட்டுக்குக் கீழே வெள்ளைவெளேர் என்று உட்கார்ந்திருக்கிறான்! தோளில் கிடந்த துண்டைப் போட்டு ஒரே அமுக்கு. கட்டைவிரலில் நறுக்கென்று கடித்தான். அதுவரை யாரையும் கடித்ததில்லை. வெளியுலகம் அவனைக் கெடுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபிறகு "பஞ்சு, பஞ்சு" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன், காதைக்கூட அசைக்கவில்லை. அதிர்ச்சியில் பேர் மறந்திருக்கும். ஆனாலும் ஒரு நல்ல மாற்றம்: முன்பு ஒதுக்கித் தள்ளிய கீரையை இப்போது காணாததைக் கண்டதுபோல் தின்றான். அப்பாடா என்றிருந்தது.

சாயங்காலம் தையல்காரம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். "எங்க பொத்தானைக் காணோம் சார். படிக்கட்டுல விட்டுட்டு உள்ள போய் ஒரு காஜா எடுத்துட்டு வர்றதுக்குள்ள…" என்றார். பொத்தான் அவர் வளர்க்கும் முயல். தெருவில் எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். உட்காரவைத்து, விவரம் கேட்டு, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் எழுதிக்கொடுத்தேன்: 'காணவில்லை. வெள்ளை நிறப் பெண் முயல். கூப்பிட்டால் வராது. பிடித்தால் கடிக்கும். கண்டுபிடித்துத் தருபவருக்கு ஒரு சட்டை இலவசமாகத் தைத்துத் தரப்படும்.' அதை எங்கள் வீட்டு கேட்டிலேயே ஒட்டினேன். நம் முயல் கிடைத்துவிட்டது, பாவம், இவருடையது கிடைக்கவில்லையே என்று எனக்கே மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இதற்கு நடுவில் உங்கள் அக்கா, "பீரோவுக்கு அடியில எலி இருக்குங்க, கறுக்கு கறுக்குன்னு சத்தம் கேக்குது" என்று ஆரம்பித்தாள். ஒரே ஒரு ஆதாரம். அதுவும் என் பழைய பேப்பர்க் கட்டுகளை பீரோவுக்கு அடியிலிருந்து அப்புறப்படுத்த வேண்டும் என்று நெடுங்காலமாகப் போராடி வரும் தரப்பு. செய்தியை ஏற்க மறுத்துவிட்டேன். அவள் அங்கே தினமும் கேரட் துண்டு வைத்து எலிப்பொறியைத் தள்ளிவிட்டாள். துண்டு காணாமல் போகிறது, பொறி மட்டும் விழவில்லை என்றாள். பொறி பழுது என்று சொன்னேன்.

நேற்று முயல் தின்பதை நிறுத்தியது. உடம்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் கிடந்தது. செடியையும் முயலையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

"என்ன குடுத்தீங்க?"

"தரைக்கீரை."

டாக்டர் ஒரு தண்டை வாங்கி ஒடித்தார். ஒடித்த இடத்தில் வெள்ளையாகப் பால் துளிர்த்தது. "தரைக்கீரைக்கு ஏது சார் பால்? இது சித்திரப்பாலாடை. முயல் வயித்துக்கு ஆகாது."

"ரெண்டு பேர் உறுதியா சொன்னாங்க டாக்டர்."

"அந்த ரெண்டு பேர்ல யாராவது ஒடிச்சுப் பாத்தாங்களா?"

டாக்டர் முயலைப் புரட்டிப் பார்த்து, "இவளை இங்கயே விட்டுட்டுப் போங்க" என்றார். இவளா? "இது ஆண் டாக்டர், என் மைத்துனரே சொன்னார்" என்றேன். "உங்க மைத்துனர் டாக்டரா?" என்று கேட்டார். மாப்பிள்ளை, இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் இத்தனை காலம் வீட்டில் வைத்து வளர்த்தும் முயல் ஆணா பெண்ணா என்றுகூடப் பார்க்காத உங்கள் அலட்சியம் எனக்கு வருத்தம் தருகிறது.

திரும்பி வந்ததும் விசாரணையில் இறங்கினேன். காவலாளி, "தையல்காரம்மா சொன்னாங்க சார்" என்றார். தையல்காரம்மா, "எனக்கு எங்க சார் செடியப் பத்தித் தெரியும், உங்க வீட்டம்மாதான் வாசல்ல தரைக்கீரை மண்டிக் கெடக்குன்னு சொன்னாங்க" என்றார். வீட்டம்மாவிடம் போனேன். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நீங்கதானேங்க சொன்னீங்க!" ஆக, என் செய்தியை என்னிடமே இரண்டு முறை உறுதிசெய்துகொண்டிருக்கிறேன்.

வெட்கம் பிடுங்கித் தின்ன, இன்று காலை தெருவோரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து முதல்முறையாகச் செடியையே விசாரித்தேன். கேட்டால் அது ஒளிக்காமல் சொல்கிறது. தரைக்கீரையின் தண்டு வழவழவென்று கொழுத்திருக்கும், ஒடித்தால் வெறும் தண்ணீர்தான், வெயில் ஏறினால் மஞ்சள் பூ விரியும். சித்திரப்பாலாடையின் தண்டு நூலாட்டம் மெலிசு, தடவினால் லேசாக ரோமம் தட்டும், ஒடித்தால் பால். இரண்டும் புரிந்தது என்று நிமிர்ந்தால் பக்கத்திலேயே சாரணை என்று மூன்றாவது ஒன்று. அதுவும் கொழுத்த தண்டுதான், பாலும் கிடையாது, ஆனால் இலைகள் ஜோடி ஜோடியாக, ஜோடியில் ஒன்று பெரிது, ஒன்று சிறிது, பூ இளஞ்சிவப்பு. மூன்றும் ஒரே சாண் இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து கிடக்கின்றன. மேலிருந்து பார்த்துவிட்டு நடந்து போகிறவனுக்கு மூன்றும் ஒன்றுதான். சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, "பெரியவரே, பல்செட்டு விழுந்துருச்சா?" என்று கேட்டு, தானும் கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் போனார். இனி நுணுக்கமாகப் பார்க்காமல் எதையும் இன்னதென்று சொல்லமாட்டேன். இது உறுதி.

நிலுவையில் இருப்பது ஒன்றுதான்: புழுக்கை. அது வந்தால் பிழைத்தது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. பெரிய செய்திகளுக்கெல்லாம் காத்திருந்திருக்கிறேன் மாப்பிள்ளை, எதற்கும் இப்படிக் காத்திருந்ததில்லை.

தங்கைக்கு என் அன்பு. சின்னவளுக்கு ஆசிகள், காரணம் சொல்லாமல் தெரிவிக்கவும்.

தங்கள் நலம் நாடும்,
அக்கா வீட்டுக்காரர்

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதுங்கள் என்றாள் உங்கள் அக்கா. வெளியான செய்தியை நாங்கள் கிழிப்பதில்லை, திருத்தம்தான் போடுவோம்.

டாக்டர் போன் செய்தார். "வந்துடுச்சு சார், பிழைச்சுட்டா. செடி வயித்தக் கொஞ்சம் கலக்கியிருக்கு, அவ்வளவுதான். அடைச்சிருந்தது நூல். நீலக் கலர் நூல். வீட்ல யாராவது துணி தைக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர், எதிர்வீட்லதான்…" என்றவன், கேட்டில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் அக்கா என் முகத்தைப் பார்த்தாள். பீரோவுக்கு முன்னால் குனிந்து, "பஞ்சு" என்று ஒரே ஒருமுறை கூப்பிட்டாள். என் முதல்பக்கச் செய்திகள் அத்தனையும் தின்று தீர்த்து, கேரட்டில் கொழுத்து, தூசும் தும்புமாக அவன் வெளியே வந்தான். ஆண்தான். உங்களைப் பற்றி மேலே எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைக்குள் அவன் இளைக்க வழியில்லை. சின்னவள் கேட்டால் நீங்கள்தான் ஏதாவது சொல்ல வேண்டும்.

தையல்காரம்மாவிடம் உண்மையைச் சொல்வது நிலுவையில் இருக்கிறது. ஆறு மணிக்குத் தையலை முடித்துவிட்டு எழுவார், அப்போது போக வேண்டும். "அறிவிப்பும் நீங்க எழுதினதுதானே, போறப்ப சட்டைக்கு அளவும் குடுத்துட்டு வாங்க" என்கிறாள் உங்கள் அக்கா. இப்போது மணி ஐந்தே முக்கால். கேட்டில் ஒட்டியதை இன்னும் கிழிக்கவில்லை.