மாளா பார்த்த கதை

கடமை என்ற சொல்லுக்கு இந்தப் பூமியில் இன்னும் உயிர் இருக்கிறதென்றால், அது தாராவி மேல்தள ஆய்வுக் குழுவின் கோப்புக்குள்தான் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. அந்தக் குழுவில் ‘குடியிருப்போர் பிரதிநிதி’யாக வீற்றிருக்கும் செல்லப்பாண்டியாகிய நான் இதைத் தற்பெருமை இல்லாமல் சொல்கிறேன்.

கீழ்வீட்டின் தலையில் பலகையும் தகரமும் ஏற்றிக் கட்டிய மாடியை எங்கள் பக்கம் ‘மாளா’ என்போம். ஏழாவது கல்லியில், அதாவது சந்தில், அப்படி ஒரு மாளாவில் நஸீரா இருக்கிறாள். தோல் பை தைப்பவள். தையல் மெஷினை ஓரம் தள்ளி, மூன்று பிள்ளைகளுக்கும் பாய் விரித்தால் அதுவே வீடு. இப்போது புதுக் கட்டடம் வரப்போகிறது. கீழ்வீட்டுக்காரர்களுக்கு இங்கேயே இடம் உண்டு. மாளாவை எங்கள் குழு நேரில் பார்த்து ‘ஆள் உண்டு’ என்று எழுதினால் நஸீராவுக்கும் இங்கேயே. இல்லாவிட்டால் டோம்பிவிலிக்கும் அப்பால் எங்கோ. பார்க்கக் கடைசி நாள் முப்பதாம் தேதி.

ஆன்லைன் படிவத்தில் அவள் ஆங்கில எழுத்தில் ‘மாளா, கல்லி 7’ என்று அடிக்கப் பார்த்தாள். கட்டத்தில் இடம் போதவில்லை. கல்லியைக் ‘கா’ என்று சுருக்கினாள். கணினிக்கு இடைவெளி பிடிக்காது. ‘மாளாகா’ என்று சேர்த்துக்கொண்டது. அந்தப் பெயரில் ஸ்பெயின் நாட்டுக் கடலோரத்தில் ஈராயிரம் ஆண்டுக்கும் மூத்த ஓர் ஊர் இருக்கிறது. ஏழு என்பது போகவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை என்று மேலிடம் புரிந்துகொண்டது.

எனக்குச் சின்னச் சந்தேகம் வரத்தான் செய்தது. குழுத் தலைவர் நாணு சாரிடம் போனேன்.

“சார், இது எங்க நஸீராவோட மாளா மாதிரி தெரியுதே.”

“செல்லப்பாண்டி, உமக்கு பாஸ்போர்ட் இருக்கா?”

“இருக்கு சார்.”

“அப்புறம் என்ன சந்தேகம்? ஃபைல்ல என்ன இருக்கோ அதுதான் சைட்.”

இத்தகைய தெளிவு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எனக்கு உடனே வாய்த்தது.

முப்பதாம் தேதி காலை, ஸ்பெயின் மாளாகாவில் ரோமானியர் கட்டிய அரங்கின் கல்படிகளில் அமர்ந்து வருகையைப் பதிவு செய்தோம். தலைக்கு மேலே குன்றில் அராபியர் கோட்டை. நாணு சார் அண்ணாந்து பார்த்தார்.

“கிரவுண்ட் ஃப்ளோர் ரோமன். மாளா அரபி. எழுதிக்கும்.”

“கீழ்வீட்டுக் கல்லையே பேத்து மேல கட்டியிருக்காங்களாம் சார். ‘அத்துமீறல்’னு போடட்டுமா?”

“சே சே! ‘வரலாறு’ன்னு போடும்.”

பெரிய தேவாலயத்துக்கு இரண்டு கோபுரம் திட்டமாம். ஒன்றுதான் முடிந்தது; மற்றது இருநூறு வருடத்துக்கு மேலாகப் பாதியில் நிற்கிறது. “ஒருத்தனும் நோட்டீஸ் விடலை பாரும்!” என்று நாணு சார் கண் கலங்கினார்.

சந்துக்குச் சந்து ‘கல்லே’ என்று பலகை. அதைக் ‘கய்யே’ என்று படிக்க வேண்டும் என்றாள் வழிகாட்டிப் பெண். நாங்கள் ‘கல்லி’ என்றே படித்தோம். கோப்போடு பரோபராக, அச்சு அசலாகப் பொருந்தியது. கீழே செருப்புக் கடை, மேலே வீடு, பால்கனியில் ஈரத்துணி. அதிலிருந்து ஒரு சொட்டு நாணு சாரின் வழுக்கையில் விழுந்தது. “ஆஹா, மரபு!” என்றார். எங்கள் கல்லி முனையில் ஒருநாள் இதே மாதிரிச் சொட்டு விழுந்தபோது அவர் சொன்ன வார்த்தையை இங்கே எழுத முடியாது.

ஊர் திரும்பியதும் நஸீரா வழி மறித்தாள்.

“அண்ணாச்சி, முப்பதாந்தேதி முடிஞ்சு போச்சே. எங்க மாளாவ ஒருத்தரும் வந்து பாக்கலியே?”

“பாத்தாச்சும்மா. ஏழு பேரு, ஒருநாள் முழுக்கப் பாத்தோம்.”

“எப்பம்? ஏணியில ஆள் ஏறுன சத்தமே கேக்கலியே.”

நான் எதையும் ஒளிப்பவன் அல்ல. அறிக்கையை எடுத்துப் படித்தேன். “‘மாளா நேரில் பார்வையிடப்பட்டது. கீழே தொழில், மேலே குடும்பம். இடிக்காமல் போற்றிக் காக்க வேண்டியது.’”

அவள் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! அப்பம் எங்களுக்கு இங்கனயே வீடுதானே அண்ணாச்சி?”

“இன்னும் ஒரு வரி இருக்கும்மா. ‘பயணம்: ஏழாயிரம் கிலோமீட்டர். வசிப்போர்: ஸ்பானியர். நஸீரா என்று அங்கே யாரும் இல்லை.’”

அவள் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“ஏழாயிரம் கிலோமீட்டர் போயிருக்கிய. ஒம்போது படி ஏற முடியலியா?”

கோப்பு அறியாதவர்களின் கேள்வி. இருந்தாலும் பிரதிநிதி என்ற முறையில் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குழுவில் ஆறு பேருக்கு அந்த ஏணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஏழாவது ஆள் நான். ஏணி என் வீட்டு வாசலில்தான் சாத்தியிருக்கிறது. தினமும் அதில்தான் என் சட்டையைக் காயப்போடுகிறேன்.