தலை வராத டிராகன்

உலகத்தில் இதுவரை வரையப்பட்ட, இனிமேல் வரையப்படப்போகிற எல்லா டிராகன்களையும் தூக்கிச் சாப்பிடக்கூடிய ஒரு டிராகன் என் அண்ணனின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைப் பார்த்தால் பெரிய பெரிய ஓவியர்கள் எல்லாம் கையைக் கழுவிக்கொண்டு வேறு பிழைப்புத் தேடுவார்கள். முதலைகள் தங்கள் தோலைப் பார்த்து வெட்கப்படும். ஒரே ஒரு குறைதான். அதற்கு இன்னும் தலை வரவில்லை. உடம்பும் வரவில்லை. சரியாகச் சொல்வதென்றால் இடது கண்ணிமையின் மேல்கோடு மட்டும் வந்திருந்தது. அதையும் நேற்று அழித்துவிட்டான்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் டுட்டோரியல் ஜீவி. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒன்று கட்டாயம் இருக்கும். கதவு சாத்தியிருக்கும், உள்ளே யாரோ அணில் குரலில் பேசிக்கொண்டிருப்பார்கள். அது அணில் இல்லை. எங்கோ இருக்கிற ஓவிய ஆசிரியர் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொடுத்த வீடியோ பாடத்தை நம்ம ஆள் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறார் என்று அர்த்தம். நேரத்தை மிச்சம் பிடிக்கிறாராம். மிச்சம் பிடித்த நேரத்தில் என்ன செய்கிறார்? அடுத்த பாடம் பார்க்கிறார்.

அந்தப் பாடம் எப்படிப் போகும் தெரியுமா? "முதலில் ஒரு வட்டம் போடுங்கள்" என்பார் ஆசிரியர். அண்ணன் தலையாட்டுவான். "இப்போது அதைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளுங்கள்" என்பார். கண்ணை மூடித் திறப்பதற்குள் வட்டம் இருந்த இடத்தில் செதிலோடும் பல்லோடும் ஒரு டிராகன் நின்று ஊரை எரித்துக்கொண்டிருக்கும். அண்ணன் அதற்கும் தலையாட்டுவான். அவன் வரைந்து நான் பார்த்ததைவிடத் தலையாட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

பிறகு பிரஷ். முடி வைத்த பிரஷ் இல்லை, கம்ப்யூட்டருக்குள் இறக்கிக்கொள்கிற பிரஷ். மேகம் போட ஒன்று, மேகத்தின் ஓரம் போட ஒன்று, ஈரமான செதிலுக்கு, காய்ந்த செதிலுக்கு, குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்கிற செதிலுக்கு என்று தனித்தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறான். அண்ணனின் பிரஷ்களை வைத்து ஊருக்கே வெள்ளையடிக்கலாம். அதற்குமேல் லேயர். கண்ணாடித் தாள்போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு, அதில் ஒன்றில் கோடு, ஒன்றில் நிழல் என்று வரைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பான். 'ஸ்கெட்ச்', 'நிஜ ஸ்கெட்ச்', 'இதுதான் ஸ்கெட்ச்', 'சத்தியமா இதுதான் ஸ்கெட்ச்'. எல்லாமே காலி.

எப்போதாவது கோடு போடவும் செய்வான். அந்தச் சத்தம் எனக்கு மனப்பாடம். கம்ப்யூட்டரோடு இணைத்த வரைபலகையில் பேனா உரசும்போது ஒரு விஷ்க். உடனே கீபோர்டில் டக்டக். விஷ்க், டக்டக். கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்தினால் போட்ட கோடு போடாத கோடாகிவிடும். இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் எங்கள் வீட்டில் பொழுதே போகிறது.

கையில் சரக்கு இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அண்ணன் வேலை பார்ப்பது சமையலறை அலமாரி செய்கிற கடையில். வாடிக்கையாளர் டீ குடித்து முடிப்பதற்குள் அவர் வீட்டு அலமாரியை, கைப்பிடி உட்பட, திரையில் வரைந்து காட்டிவிடுவான். "தொட்டியை இடப்பக்கம் தள்ளுங்க" என்பார்கள், தள்ளுவான். "பழைய இடமே நல்லாருந்துச்சு" என்பார்கள், திரும்பத் தள்ளுவான். அப்படித் தள்ளித் தள்ளி அலுத்துப்போனவனுக்குத்தான் கான்செப்ட் டிசைன் ஆசை வந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளில் வரப்போகிற பூதம், கோட்டை, பறக்கிற வண்டி எல்லாம் எப்படி இருக்கும் என்று முதலில் யோசித்து வரைந்து கொடுக்கிற வேலை அது.

போன வாரம் வேறு ஊரில் இருக்கிற விளையாட்டுக் கம்பெனி ஒன்று அவனுக்கு மெயில் போட்டது. ஒரே ஒரு உயிரினம், முழுதாக முடித்த படம், வெள்ளிக்கிழமை மாலைக்குள். பிடித்திருந்தால் வேலை. அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அவன் குரல் லேசாக ஆடியது. நான் கேலி செய்யவில்லை. பிறகு செய்துகொள்ளலாம் என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

ஜீவி உடனே என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 'ஒரு படத்தை முடிப்பது எப்படி' என்ற வீடியோவைத் தேடிப் பிடித்தது. தொடர் வேறு.

"என்னண்ணா, டிராகன் எந்திரிச்சாச்சா?"

"அனாடமி பாத்துக்கிட்டு இருக்கேன். போ வாலு, தொந்தரவு பண்ணாத."

"டிராகனுக்கு எதுக்குண்ணா அனாடமி? தப்பா வரைஞ்சா அது வந்து கேக்கவா போகுது?"

"வௌவால் எலும்பு தெரியாம றெக்கை போட முடியாது."

"அப்ப வௌவாலையே போடேன்."

"அதுக்கு எலி எலும்பு தெரியணும்."

அம்மா துவைத்த துணியோடு எட்டிப் பார்த்தாள். "ஏன்டா, வெள்ளிக்கிழமைதானே குடுக்கணும்னு சொன்ன, முடிஞ்சுதா?"

"லைட்டிங்தான்மா புரியல."

"ஜன்னலத் திறந்து வையேன்டா."

வியாழக்கிழமை கடைக்கு லீவு போட்டான். காலையில் அவன் குளிக்கப் போனபோது நான் சமையலறையிலிருந்து ஒரு ஸ்பூனை எடுத்துக்கொண்டு போய், காம்பால் நெம்பி, கீபோர்டிலிருந்து இசட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பல் பிடுங்குவது இதைவிடக் கஷ்டம்.

"வாலு, இங்க வா. இசட் எங்க?"

"எந்த இசட்?"

"கீபோர்டுல இருந்த இசட்."

"ஏபிசிடியே எனக்குத் தகராறுண்ணா. நான் எப்ப இசட் வரைக்கும் போனேன்?"

பத்தாவதோடு படிப்பு என்னைக் கைவிட்டது. இப்படிப்பட்ட நேரங்களில் அது எவ்வளவு உதவியாக இருக்கிறது பாருங்கள்.

இசட் இருந்த குழிக்குள் விரலை விட்டான். பக்கத்திலிருக்கிற எஸ் அமுங்கியது. கன்ட்ரோலோடு எஸ் சேர்ந்தால் சேமிப்பு. கோணல் கோடு அழிவதற்குப் பதிலாகப் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது. மெனுவைத் திறந்து, தேடி, அழிக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் அவ்வளவு தூரம் போய்வர அவனுக்குச் சோம்பல். சோம்பேறித்தனம் கலையைக் காப்பாற்றிய இடம் இதுதான். கதவுக்கு வெளியே உட்கார்ந்து, வெங்காயம் உரிக்கிற சாக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். விஷ்க். ஒரு பெருமூச்சு. விஷ்க். திட்டு, என்னைத்தான். விஷ்க், விஷ்க், விஷ்க். அதற்குப் பிறகு திட்டுக்கூட இல்லை. சாப்பிடக் கூப்பிட்டதற்கு "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானமே படத்தை அனுப்பிவிட்டான். எனக்குக் காட்டவில்லை.

"டிராகன் எப்படி வந்துச்சுண்ணா?"

"டிராகன் வரல."

பையிலிருந்த இசட் ஒரு செங்கல் கனம் கனத்தது.

திங்கட்கிழமை பதில் வந்தது. அடுத்த மாதம் வந்து சேருங்கள், இந்தச் சின்ன ஜந்துவுக்கு இன்னும் சில படங்கள் வரைந்துகொண்டு வாருங்கள் என்று. அம்மா கையிலிருந்த துணியை என் தலையில் போட்டுவிட்டு அழுதாள். அப்புறம்தான் அண்ணன் திரையை என் பக்கம் திருப்பினான்.

கோணல் கோடு ஒன்று முதுகாகியிருந்தது. முதுகுக்குக் கீழே வால். முன்பல்லில் ஓட்டை, ஒற்றைச் சடை, அறுந்த வாருக்கு ஊக்கு குத்திய செருப்பு. முகத்தில் 'எனக்கென்ன தெரியும்' என்கிற பாவனை. முதுகுக்குப் பின்னால் மறைத்த கையில் ஒரு சின்னச் சதுரம், அதன்மேல் இசட். கீழே பெயர்: எழுத்துத் தின்னி.

"என் மூக்கு இவ்ளோ பெருசா?"

"அனாடமி தப்பா இருக்கலாம்," என்று கையை நீட்டினான். சாவியைத் திருப்பிக் கொடுக்கிற திருடனைப்போல இசட்டை அதில் வைத்தேன்.

இதற்குப் பழிவாங்காமல் விட முடியுமா? எடுத்து வைத்திருந்த கேலியெல்லாம் சேர்த்து இதை எழுத உட்கார்ந்தேன், அவன் கடைக்குப் போகிற நேரத்தில், அவன் கம்ப்யூட்டரிலேயே. கேலிக் கட்டுரை எழுதுவது எப்படி என்று சில வீடியோக்கள் பார்த்தேன். சிலதான். ஆசிரியர் மெதுவாகப் பேசியதால் வேகத்தைக் கூட்டிக்கொண்டேன். முதல் வரியை எழுதினேன், அழித்தேன், எழுதினேன். 'கேலி', 'நிஜக் கேலி', 'சத்தியமா இதுதான் கேலி' என்று மூன்று ஃபைல் இருக்கிறது. சிரிக்காதீர்கள். நீங்கள் மட்டும் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்? எதையோ செய்ய உட்கார்ந்துவிட்டு, அதற்கு முன்னால் இதை ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றுதானே வந்தீர்கள்? உங்கள் கீபோர்டை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். வால் முளைத்தவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

எப்படியோ இன்று கடைசி வரி வரைக்கும் வந்துவிட்டேன். அடுத்த மாதம் அண்ணன் போய்விடுவான். அந்த டக்டக் சத்தம் இல்லாமல் இந்த வீட்டில் எனக்கு எப்படித் தூக்கம் வரும் என்று தெரியவில்லை.

ஐயோ, இது கேலிக் கட்டுரை. இந்த வரி எதற்கு இங்கே? அழித்துவிடலாம் என்று விரல் போன இடத்தில் பட்டன் இல்லை. குழிதான் இருக்கிறது.

"அண்ணா, அழிக்கிற பட்டன் எங்க?"

கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"எந்தப் பட்டன்?"