விஷமில்லாத கல்

கல்லின் ஒரு மூலை பெயர்ந்து வெங்கின் மடியில் விழுந்தபோது மணி பன்னிரண்டரை. சீனாவின் ஃபூஜோ நகர ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் மடக்குக் கட்டிலை விரித்துப் பகல் தூக்கத்தில் இருந்தார்கள். மெருகு மேசையில் கல்லைத் தேய்த்தபடி வெங் மட்டும் விழித்திருந்தார்.

காலையில் பேராசிரியர் ஜுவோ அந்தக் கல்லை மேசையில் வைத்து, "மூணு மணிக்கு லேசர்ல வைக்கணும், தயாரா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்கு ஓடினார். புற ஊதா லேசருக்கான புதுக் கல். பழைய கல்லில் பெரிலியம் என்ற விஷம் உண்டு. முகமூடி இல்லாமல் அறுத்தால் நெஞ்சு கெட்டுவிடும். இதில் அது கிடையாது. போன மாதம் வெங் ஒரு கல்லை உடைத்தபோதே பேராசிரியர் சொல்லிவிட்டார், இன்னொன்று உடைந்தால் வாசலில் காவல் வேலைதான் என்று.

பெயர்ந்த மூலைக்குச் சரியாக மற்ற மூலைகளையும் தேய்த்தார். கல் சிறுத்ததுதான் மிச்சம். தூசி போகத் தண்ணீரில் அலசினார். பழைய கல் தண்ணீருக்கு அசைந்து கொடுக்காது. விஷமில்லாத கல்லுக்கு ரோஷம் அதிகம். சர்க்கரைக் கட்டியாகக் கரைந்து, கண்ணில் பூ விழுந்தாற்போல வெளுத்தது.

பக்கத்துக் கட்டிலில், உலையில் கல் வளர்க்கும் லியான் ஒரு கண்ணைத் திறந்தான்.

"என்னண்ணே, பிள்ளையைக் குளிப்பாட்டுறீங்களா?"

"நீ தூங்குடா."

"ஈரத்தோட விட்டா சளி பிடிக்கும். விளக்குச் சூட்டுல காட்டுங்க."

காட்டினார். டக்கென்று இரண்டானது. பசை தடவி இடுக்கியில் இறுக்கினார். இரண்டு ஏழானது. லியான் போர்வைக்குள் சிரித்துக் குலுங்கினான்.

இருபது வருஷமாக உட்கார்ந்த மேசையை வெங் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு, தடயமே வேண்டாமென்று ஏழு துண்டையும் கல்வத்தில் போட்டு மாவாக அரைத்தார். கழுவுதொட்டியில் கொட்டப் போன நேரம் தூக்கம் முடியும் மணி அடித்தது. லேசர் அறைப் பெண் ரோங் எதிரே வந்து நின்று, கல் எங்கே என்று கேட்டாள்.

மறைக்க இடமில்லை. வெங் கல்வத்தை நீட்டி, நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். காவல்காரன் தொப்பி தன் தலைக்குச் சேருமா என்றுகூடக் கேட்டார்.

ரோங் பொடியைச் சிறு கரண்டியில் அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"நானே இவ்வளவு நைசா அரைச்சிருக்க மாட்டேன் மாமா, புதுச் சரக்கு முதல்ல பொடியாத்தானே லேசர் சோதனைக்குப் போகும், மெருகு போடற பெரிய கல்லு இன்னும் லியான் அண்ணன் உலையிலதானே வளருது, அவரு சொல்லலையா?"