செய்திகள் வாசிப்பது என் ஹெல்மெட்

ஒரு சாமானை வாங்கும்போது அது நமக்கு வேலை செய்யும் என்று நம்பித்தான் வாங்குகிறோம். கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால் நாம்தான் அதற்கு வேலை செய்துகொண்டிருப்போம். எனக்கு அப்படிப்பட்ட முதலாளிகள் நிறைய பேர். சைக்கிளின் பின்விளக்குக்குத் தினமும் சார்ஜ் போட வேண்டும். பூட்டுக்கு மாதாமாதம் அப்டேட் போட வேண்டும் (ஆமாம், பூட்டுக்கு!). டயரில் காற்று எவ்வளவு என்று போனில் சொல்லும் ஒரு குட்டிக் கருவியும் உண்டு. பஞ்சராகி, வண்டியைத் தள்ளிக்கொண்டு மூச்சு வாங்க நான் சயான் பாலம் ஏறும்போது, ‘காற்று குறைவாக உள்ளது’ என்று அக்கறையாகத் தெரிவிக்கும். தெரியும்டா சாமி, தெரியும்.

பம்பாயில் சைக்கிள்காரனை மதிக்கிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் பஞ்சர் கடைக்காரர், இன்னொருவர் எலும்பு டாக்டர். ரோட்டில் ஓட்டினால் டாக்ஸிக்காரன் திட்டுவான். ஓரமாக ஓட்டினால் பானிபூரிக்காரன் திட்டுவான். பூட்டிவிட்டுப் போனால் சீட் இருக்காது. மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஒரு தடவை சீட்டைப் பறிகொடுத்துவிட்டு, தாராவி வரை நின்றுகொண்டே மிதித்து வந்தேன். அன்றிலிருந்து சைக்கிளைக் கண் பார்வையை விட்டு அகல விடுவதில்லை என்று சபதம். நான் சொல்ல வந்த கதைக்கு அந்தச் சபதம் ஒரு காரணம். இன்னொரு காரணம் ஹெல்மெட்.

அப்போது எங்களுக்கு தாராவியில் ஒரு ரூம். தலைக்கு மேலே பெல்ட் தைக்கிற கார்கானா. காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை டக்கு டக்கு டக்கு. எனக்கு ஒன்றுமில்லை, நான் பகலில் ஆபீஸில் இருப்பேன். என் மனைவி ஜெபா நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, காதில் பஞ்சு, அதற்கு மேல் துண்டு, அதற்கும் மேல் தலையணை என்று அமுக்கிக்கொண்டு படுப்பாள். தூக்கம் மட்டும் வராது. ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடியே தூங்கி, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தாண்டி காட்கோபர் போய் முழிப்பாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

வீடு தேடி நாங்கள் அலைந்த அலைச்சலைச் சொன்னால் அழுவீர்கள். கடைசியில் செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தில், மூன்றாம் மாடியில், பின்பக்கமாக ஒரு வீடு கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய மரம். சத்தமே இல்லை. புரோக்கர் சமையலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது, ஜெபாவைக் காணோமே என்று முன்னறைக்குப் போய்ப் பார்த்தேன். வெறும் தரையில் சுவரோடு சாய்ந்து, பையை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன், என்ன ஆனாலும் இந்த வீடுதான் என்று.

வாசலில் ‘சாவந்த்’ என்று போர்டு. ஓனர் ஒரு மராட்டி ஆன்ட்டி, பக்கத்து வீட்டிலேயே குடியிருக்கிறார் என்று புரோக்கர் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் பேசுங்கள், ஆளைப் பிடித்தால்தான் வீட்டைக் கொடுப்பார்கள் என்றார்.

சனிக்கிழமையே ஜெபா என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். “நாளைக்கு மட்டும் சைக்கிள்ல வராதிய. வேர்த்து வடிஞ்சி, பனியன் நாறி, போஸ்ட் கம்பத்துல முட்டுன மாதிரி வந்து நிக்காதிய. பஸ்ல வாங்க. நான் டியூட்டி முடிஞ்சி ஆட்டோவுல நேரா வந்துருதேன்.” நானும் தலையை ஆட்டினேன். ஆனால் அந்த வாரம்தான் சைக்கிளுக்குப் புது மோட்டார் மாட்டியிருந்தேன். மோட்டார் இருந்தால் மிதிக்க வேண்டாம், மிதிக்காவிட்டால் வேர்க்காது, வேர்க்காவிட்டால் அது சைக்கிளே அல்ல என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். (அப்போதெல்லாம் நான் பெரிய தர்க்கவாதி.)

தலையில் புது ஹெல்மெட். காதுக்கு மேலே ஸ்பீக்கர், தாடைக்குப் பக்கத்தில் மைக். வருகிற மெசேஜை எல்லாம் தானே படித்துச் சொல்லும், அதுவும் தமிழில். அந்தக் கால ரேடியோவில் செய்தி வாசிக்கும் அம்மாள் மாதிரி, ஒவ்வொரு எழுத்தையும் இஸ்திரி போட்டு வாசிக்கும் குரல். ‘வெளியே யாருக்கும் கேட்காது’ என்று டப்பாவில் போட்டிருந்தது.

ஜெபா பம்பாயில் பிறந்து வளர்ந்தவள். தமிழை எழுத்துக் கூட்டி எழுதி முடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதனால் மைக் படத்தை அமுக்கிவிட்டுப் பேசினால் போனே எழுதிக்கொள்ளும்படி செய்து கொடுத்திருந்தேன். கடைசியில் அவள் கையால் சேர்ப்பது மூஞ்சிப் படங்கள் மட்டும்தான். அதில் கஞ்சத்தனமே கிடையாது. ஆக, அவள் அங்கே பேசினால் அதை எழுதவும், இங்கே நியூஸாக வாசிக்கவும் ஏற்பாடு செய்து வைத்தவன் அடியேன்தான்.

கட்டடத்தில் வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். சைக்கிளைக் கீழே விட மனசில்லை. படியில் தூக்கலாம் என்றால், மோட்டார் மாட்டியதிலிருந்து அது கேஸ் சிலிண்டர் கனம். லிஃப்டோ கம்பிக் கதவை இழுத்துச் சாத்துகிற பழைய லிஃப்ட். சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி உள்ளே திணித்தேன். கதவைச் சாத்தப் போகும்போது ஒரு பெரியவர் மீன் பையோடு வந்து சேர்ந்தார். வெள்ளைக் குல்லா, நரைத்த மீசை. சைக்கிளையும் என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “லிஃப்ட் மே சைக்கிள்?” என்றார். “ஸாரி அங்கிள், ஏக் மினிட்” என்றேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் மாடி தாண்டியதும் சைக்கிளின் பெடல் கதவுக் கம்பிகளுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டு, கதவைக் கொஞ்சம் திறந்தும் விட்டது. கதவு திறந்தால் அந்த லிஃப்ட் நின்றுவிடும். நின்றுவிட்டது. இரண்டு மாடிகளுக்கு நடுவில் நான், பெரியவர், மீன், சைக்கிள். என்னிடம் பதினெட்டு வேலை செய்யும் ஒரு மடக்குக் கருவி இருந்தது. பாட்டில் திறக்கும், நகம் வெட்டும். பெடல் கழற்றுகிற சாவி மட்டும் அதில் இல்லை.

அப்போதுதான் டிங் என்று சத்தம். மூடிய பெட்டிக்குள் அந்தக் குரல் கணீரென்று ஒலித்தது.

“ஜெபா அனுப்பிய செய்தி. எங்க நிக்கிய? சைக்கிள்லயா வந்திய? சைக்கிள்ல வந்திருந்தா அப்படியே ஆட்டோவத் திருப்பி எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். கோபமான முகம். கோபமான முகம். கோபமான முகம். பதில் அளிக்க விரும்புகிறீர்களா?”

பெரியவர் திடுக்கிட்டு, யார் பேசுவது என்று ஹிந்தியில் கேட்டார். “நியூஸ், அங்கிள். தமிழ் நியூஸ்” என்றேன். பம்பாய்த் தமிழனுக்கு ஒரு அசட்டு தைரியம் உண்டு. சுற்றி நிற்கிறவனுக்குத் தமிழ் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டால், ரயில் பெட்டியில் பக்கத்தில் நெருக்குகிறவனைச் சிரித்த முகத்தோடு பரம்பரையே இழுத்துத் திட்டுவான். நானும் அந்தக் கூட்டம்தான். ஆகவே “ஆம்” என்று சொல்லி, மைக்கில் தாராளமாகப் பேசினேன்.

“பஸ்லதான் வந்தேன் ஜெபா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கூட ஒரு பெருசு நிக்குது. கையில மீன் பை, நாத்தம் கொடலப் பிடுங்குது. மூஞ்சியப் பாத்தா அந்த மீனே தேவல.”

நியூஸுக்குப் பதில் எல்லாம் சொல்லலாமா என்று பெரியவர் ஹிந்தியில் கேட்டார். “புது டெக்னாலஜி, அங்கிள்” என்றேன். ஓஹோ என்று தலையை ஆட்டிக்கொண்டார்.

டிங்.

“ஜெபா அனுப்பிய செய்தி. எந்தப் பெருசு? அன்னைக்கு கேட் பக்கத்துல பேப்பர் படிச்சிக்கிட்டு நம்மள முறைச்ச கிழமா? அதுகிட்ட வாயக் குடுக்காதிய. அந்த ஆன்ட்டிகிட்ட சைக்கிள் மூணு இருக்குன்னு சொல்லிராதிய. ஒண்ணுன்னு சொல்லுங்க. மத்த ரெண்டையும் ராத்திரியோட ராத்திரியா ஏத்திருவோம். கண் சிமிட்டும் முகம்.”

என்ன நியூஸ் என்றார் பெரியவர். மழை என்றேன். ரொம்பப் பெரிய மழையோ என்றார். “பஹுத் படா” என்றேன். எனக்கு வேர்க்க ஆரம்பித்திருந்தது. ஹெல்மெட்டை நிறுத்தும் பட்டன் காதுக்குப் பின்னால். இரண்டு கையாலும் சைக்கிளைத் தாங்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு கையை எடுத்துப் பார்த்தேன், முன்சக்கரம் மாலை போடுகிற மாதிரி பெரியவர் தோளில் போய் இறங்கியது. அவசரமாக நிமிர்த்திவிட்டு, மாடு முதுகைச் சொறிகிற மாதிரி லிஃப்ட் சுவரில் தலையைத் தேய்த்துப் பட்டனை அமுக்கினேன். அழுத்திப் பிடித்தால் அணையும், தொட்டு விட்டால் கடைசிச் செய்தியைத் திரும்ப வாசிக்கும் என்பதை நான் மறந்துவிட்டேன். “நம்மள முறைச்ச கிழமா?” என்று அம்மாள் மறுபடியும் நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

டிங்.

“ஜெபா அனுப்பிய செய்தி. எப்படியாவது இந்த வீட்டைப் பேசி முடிச்சிருங்க. என்னால முடியல. நேத்து டியூட்டியில நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிட்டு. ஊசிய மாத்திப் போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. எனக்குத் தூங்கணும், அவ்வளவுதான். கும்பிடும் கைகள். கும்பிடும் கைகள்.”

ஏற்ற இறக்கமே இல்லாமல், வெங்காய விலை சொல்வது போல, அந்தக் குரல் வாசித்து முடித்தது. பெரியவர் இந்த முறை என்ன நியூஸ் என்று கேட்கவில்லை. மீன் பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். இவ்வளவு தூரம் போயிருக்கிறது, என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. ஒருவேளை சொல்லியிருப்பாள், நான் ஏதாவது அப்டேட் போட்டுக்கொண்டிருந்திருப்பேன்.

அப்போது படியில் செருப்புச் சத்தம். படிகள் லிஃப்டைச் சுற்றித்தான் ஏறும். நர்ஸ் உடுப்போடு ஜெபா வந்தாள். முதலில் என் காலைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு பெரியவரைப் பார்த்து, அழகாகச் சிரித்து ஒரு நமஸ்தே வைத்தாள். அந்தச் சிரிப்பு மாறாமலே தமிழில் ஆரம்பித்தாள்.

“சைக்கிள்லயா வந்திய? பஸ்ஸுன்னு வாய் கூசாம சொன்னியளே, வெளங்குவியளா? அந்தக் கிழம் வேற பக்கத்துல நிக்கி. ஒரு சைக்கிளுக்கே இந்தக் கூத்துன்னா, மூணு சைக்கிளையும்...”

“ஏம்மா” என்றார் பெரியவர், அசல் திருநெல்வேலித் தமிழில். “இதெல்லாம் இப்பத்தான் நியூஸ்ல சொன்னாவ. புதுசா ஏதாச்சும் இருந்தா சொல்லு.”

லிஃப்டுக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டே, அதில் அப்படியே விழுந்துவிடலாமா என்றிருந்தது எனக்கு. ஜெபாவின் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. பெரியவர் குல்லாவைக் கழற்றிச் சாவகாசமாகத் தலையைத் துடைத்தார்.

“அந்தக் கிழம் நான்தான். பேரு துரைராஜ். சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். போர்டுல இருக்கது எங்க மாமனார் பேரு. வீடு என் சம்சாரத்துக்கு உள்ளது.”

ஜெபா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். வீடு போச்சு என்று அவள் வாய் முணுமுணுத்தது. பிறகு அழுதுவிட்டாள். கோபத்தில் அழுவது எனக்குத் தெரியும், இது அது இல்லை. களைத்துப்போனவர்கள் அழுகிற அழுகை. “மன்னிச்சிருங்க அண்ணாச்சி. எனக்குத் தூங்கணும் அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல” என்றாள்.

“கேட்டாச்சும்மா. அதையும் நியூஸ்ல சொல்லிட்டாவ” என்றார் அவர், இப்போது குரலைத் தணித்து. என்னைப் பார்த்துத் திரும்பினார். “நான் ஏன் வாயத் தொறக்கலன்னு பாக்கியா? வீட்ல கலியாணம் ஆன நாள்ல இருந்து மராட்டிதான். தமிழ்ல என்னைய ஒருத்தர் வைஞ்சி எத்தன காலமாச்சு! கேக்க நல்லாத்தான் இருந்துது. அந்த மீன் விசயம் மட்டும் கொஞ்சம் ஓவர் தம்பி.”

டீ குடித்துவிட்டு வந்த வாட்ச்மேன், இரண்டாம் மாடியிலிருந்து கம்பிக் கதவை ஒரே ஒரு உதை விட்டார். பெடல் விடுபட்டு, லிஃப்ட் மேலே போனது. சாவந்த் ஆன்ட்டி கதவைத் திறந்ததும் அண்ணாச்சி மராட்டியில் ஏதோ சொன்னார். ஆன்ட்டி ஜெபாவின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீ போட உள்ளே போனார். அண்ணாச்சி நிபந்தனை போட்டார்: “வீடு இந்தப் பிள்ளைக்கு. உனக்கோ உன் சைக்கிளுக்கோ இல்ல. மூணையும் கீழ கட்டிப் போடு. பகல்லயே கொண்டாந்துரு, ராத்திரியோட ராத்திரியா ஏத்தி எங்க தூக்கத்தக் கெடுக்காத.”

இங்கே குடி வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. சைக்கிள்கள் கீழே பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் துருப்பிடித்துக்கொண்டிருக்கின்றன. பூட்டு இன்னமும் அப்டேட் கேட்கிறது. அண்ணாச்சி போன் செய்தால் “கிழம் பேசுதேன்” என்றுதான் ஆரம்பிப்பார். படியில் எதிர்ப்பட்டால், “என்ன தம்பி, நியூஸ் உண்டா? மழை எப்படி?” என்பார். மீன் வாங்கினால் எங்களுக்கும் ஒரு பங்கு வரும், “மூஞ்சிய விட நல்லாருக்கும்” என்ற குறிப்போடு.

போன வாரம் எனக்கு ஒரு பார்சல் வந்தது. மிதிக்கும்போது முழங்காலின் கோணத்தை அளக்கிற கருவி. (அவசியம் தேவை. விளக்கச் சொன்னால் விளக்குவேன்.) காலை நேரம், ஜெபா டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே மரம், சத்தமே இல்லை. பூனை போல நடந்து, பிளேடால் அட்டைப் பெட்டியின் டேப்பை மெதுவாக, மெதுவாகக் கிழித்தேன்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. கண் திறக்கவில்லை, திரும்பியும் படுக்கவில்லை. நிறுத்தி, நிதானமாக, இஸ்திரி போட்ட தமிழில் வாசித்தாள்.

“கோபமான முகம். கோபமான முகம். கோபமான முகம்.”