பின்சீட்டில் ஒரு கொள்கைவாதி

பெங்களூரில் ஆண் பெண் பேதமே பார்க்காத ஆண்பிள்ளை ஒருவன் உண்டென்றால் அது நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

பொம்மசந்திராவில் எங்கள் கம்பெனியில் ஒரு மதியம் எல்லாரையும் மீட்டிங் ஹாலில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். இனிமேல் இங்கிலீஷில் யாரைப் பற்றிப் பேசினாலும் 'ஹீ', 'ஷீ' என்று பிரிக்க வேண்டாம், எல்லாருக்கும் 'தே' போதும், அதுதான் மரியாதை என்றார்கள். பக்கத்து நாற்காலியில் என்னோடு வேலை பார்க்கிற எரிக் தூங்கிவிட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடவுளே நேரில் வந்து கை கொடுத்த மாதிரி இருந்தது.

காரணம் இருக்கிறது. என் மனைவி பிரபாவுக்கு கோரமங்களாவில் ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர் வேலை வந்திருந்தது. விவேக் நகரிலிருந்து பஸ்ஸை நம்பிக் கிளம்பினால் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரத்துக்குத்தான் போய்ச் சேரலாம். அவள் தம்பி விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டர் கீழே சும்மா நிற்கிறது. கல்யாணத்துக்கு முன்பே லைசென்ஸ் எடுத்தவள், ஓட்டிக்கொண்டு போகிறேனே என்று கேட்டாள். நான் விடவில்லை. இந்த ஊர் டிராஃபிக்கில் பொம்பளைங்க வண்டி ஓட்டுவது விஷப்பரீட்சை என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வேலையில் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்று அவள் முகம் வாடியது. நான் மசியவில்லை.

அப்படி மசியாமல் இருந்துவிட்டு, தினமும் காலையில் தெருமுனை தாண்டி நான் ஏறுவது ரக்ஷிதாவின் ஸ்கூட்டர் பின்சீட்டில். ரக்ஷிதா எங்கள் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற கன்னடப் பெண். சில்க் போர்டு ஜங்ஷன் நெரிசலில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பூந்து புறப்பட்டுப் போவார். எனக்கு பஸ்ஸுக்கு ஓடுகிற பாடு மிச்சம், தூக்கமும் மிச்சம்.

யாரோடு போகிறீர்கள் என்று பிரபா கேட்டால் ஃபிரெண்டு என்பேன். அதற்கு மேல் பேச்சு வளர்ந்தால்தான் ஆபத்து. 'அவன்' என்றால் பச்சைப் பொய். 'அவங்க' என்றால், கூட வேலை செய்கிற ஆம்பளையை நான் எந்தக் காலத்தில் அவங்க என்றேன், அங்கேயே பிடித்துவிடுவாள். அதனால் வகுப்பு முடிந்த அன்று மாலையே வீட்டில் கொள்கையை அமல்படுத்தினேன். "தே டிராப்டு மீ" என்றேன்.

ஒரே வண்டியில் எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டாள். நான் நிதானமாக உட்கார்ந்து, சமத்துவம், மனித மாண்பு, உலகம் போகிற போக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தோசையைத் திருப்பிப் போட்டபடி முழுசாகக் கேட்டாள்.

"நல்ல விஷயந்தாங்க" என்றாள்.

அவள் ஒரு விஷயத்தை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். குஷியாகிவிட்டேன். அந்த வாரம் முழுக்க, தே ஆர் மேரீட், தே ஆர் வெரி கேர்ஃபுல் என்று வாய் கூசாமல் அளந்தேன்.

வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி பூஜை. விடியும் முன்பே கலசம் வைத்துப் பூஜையை முடித்தவள், நான் கிளம்பும்போது இரண்டு பைகளை நீட்டினாள். ஒன்றில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி, மல்லிகைப்பூ. இன்னொன்றில் வெறும் வாழைப்பழமும் ஆப்பிளும்.

"உங்க ஃபிரெண்டுக்குத்தான். பொம்பளைன்னா இந்தப் பை, ஆம்பளைன்னா அந்தப் பை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டாந்துடுங்க."

பாவி, எப்படி யோசித்திருக்கிறாள் பாருங்கள். ஆனால் நானும் லேசுப்பட்டவன் இல்லை. எதையும் திருப்பிக் கொண்டுவராவிட்டால் என்ன செய்வாள்? தெருமுனையில் இரண்டு பைகளையும் ரக்ஷிதாவிடமே கொடுத்துவிட்டேன். அவர் தாம்பூலப் பையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வீடு எந்த கிராஸ் தெரு, எந்த மாடி என்று விசாரித்தார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று எண்ணி விவரமாகச் சொன்னேன்.

நான் அதைப் பார்சல் என்று நினைத்தேன். கொடுத்தால் வேலை முடிந்தது. மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்ட பெண், அன்று சாயங்காலமே கொடுத்த வீட்டுக்குப் போய் அம்மனைக் கும்பிட்டு, பதிலுக்குத் தன் வீட்டுத் தாம்பூலத்தையும் கொடுத்துவிட்டு வருவாள் என்பது இந்த ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எந்த ஆண்பிள்ளைக்குத் தெரியும்? எங்களுக்கு யார் குங்குமம் கொடுத்தார்கள்?

ரக்ஷிதா அரை நாள் லீவு என்று முன்னாலேயே போய்விட்டார். நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நிற்கிறது. உள்ளே அவர் தலை நிறைய மல்லிகையோடு ஒப்பட்டு, அதாவது நம் போளி, சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க" என்றாள் பிரபா, துளிகூடச் சிரிக்காமல். "தே வந்திருக்காங்க."

நான் சுவரோரம் உட்கார்ந்தேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சில்க் போர்டில் வண்டி ஓட்டப் பயமாக இருக்காதா என்று மட்டும் ரக்ஷிதாவிடம் கேட்டாள்.

"ரோடு பத்தி பயமே இல்லக்கா" என்றார் அவர். "சார் பின்னாடி இருக்காரல்லா, அதுதான் தொந்தரவு. நான் இந்தப் பக்கம் திரும்பினா அவர் அந்தப் பக்கம் சாயறாரு. லாரி பாத்தா கண்ண மூடிக்கிட்டு என் ஹெல்மெட்ட புடிச்சுக்கறாரு."

பிரபா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, என் எதிரிலேயே ஸ்கூலுக்குப் பேசினாள். திங்கட்கிழமை வந்து சேர்ந்துகொள்கிறேன், வண்டி இருக்கிறது என்றாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில கிரவுண்டுக்கு வந்துடுங்க" என்று என்னிடம் சொன்னாள். "ஓட்டறது எனக்குத் தெரியும். பின்னாடி உக்கார்றதை அவங்க உங்களுக்குச் சொல்லித் தர்றாங்களாம்."

போனேன். பிரபா ஓட்டினாள், நான் பின்னால் உட்கார்ந்தேன், ரக்ஷிதா கிரவுண்டு நடுவில் நின்று என்னைத் திருத்தினார். சில சுற்றுகள் முடிந்ததும், பரவாயில்லை, சார் தேறிவிட்டார் என்று அவர் சொன்னார்.

பிரபா ஒத்துக்கொள்ளவில்லை.